புதிய டிஸ்க் கோல்ஃப் தட்டைச் சோதித்து மதிப்பிடுவது எப்படி

டிஸ்க் கோல்ஃப் என்பது, சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் தட்டை, அதாவது டிஸ்க்கை, கூடியவரை குறைந்த எறிதல்களில் கொண்டு சேர்க்கும் விளையாட்டு. புதிதாக வாங்கிய டிஸ்க்கை மைதானத்துக்கு எடுத்துச் சென்று, பத்து முறை எறிந்து, அவற்றுள் மிகத் தொலைவில் விழுந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ‘இது நன்றாகப் பறக்கிறது’ என்று முடிவுகட்டுவதே நம்மில் பெரும்பாலோர் செய்வது. நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன். அமெரிக்காவின் வட கரோலைனாவில், நான் வசிக்கும் சார்லட் நகரில், ஒரு மாலைப்பொழுதில் ஏழாம் வேக டிரைவர் (தொலைவாக எறிய உதவும் டிஸ்க்; வேக எண்ணைக் கீழே விளக்குகிறேன்) ஒன்று என் வழக்கமான தொலைவைவிட முப்பது அடி கூடுதலாகப் பறந்தது. மகிழ்ச்சி தாங்காமல் அதே வாரத்தில் அதே பெயருள்ள இன்னும் இரண்டை வாங்கினேன். பின்னால் வந்த இரண்டும் முதலாவதைப் போலப் பறக்கவில்லை. முதலாவதுகூட அந்த மாலை பறந்ததுபோல் மறுபடி ஒருநாளும் பறக்கவில்லை; அன்று முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வீசியிருக்கிறது, அதை நான் கவனிக்கவில்லை.

ஓர் எறிதல் எங்கே போய் விழுகிறது என்பதில் டிஸ்க்குக்கு ஒரு பங்கு, கைக்கு ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு உண்டு. இம்மூன்றில் கையும் காற்றும் நொடிக்கு நொடி மாறுபவை. ஆகவே, புதிய டிஸ்க்கைச் சோதிப்பது என்பது, அதன் பங்கைக் கையின் பங்கிலிருந்தும் காற்றின் பங்கிலிருந்தும் பிரித்தெடுப்பதுதான். கீழே சொல்லியிருக்கும் முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சமையலறைத் தராசு, ஓர் அளவுகோல், நீளமான அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், நன்கு பழகிய ஒரு பழைய டிஸ்க் ஆகியவை போதும்.

எறிவதற்கு முன்

டிஸ்க் கைக்கு வந்த அன்றே அதை நிறுத்துப் பாருங்கள். அடிப்புறத்தில் பேனாவால் எழுதியிருக்கும் எடைக்கும் தராசு காட்டும் எடைக்கும் ஓரிரு கிராம் வேறுபாடு இருப்பதுண்டு. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பி.டி.ஜி.ஏ.வின் விதிப்படி, டிஸ்க்கின் எடை அதன் வெளிவிட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமைத் தாண்டக் கூடாது. எந்த நிலையிலும் 200 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 21.1 செ.மீ. விட்டமுள்ள டிரைவருக்கு 175.1 கிராம் உச்சவரம்பாக இருப்பது இந்தக் கணக்கினால்தான். எடை ஏன் முக்கியம் என்றால், ஒரே அச்சில் வார்த்த டிஸ்க்குகளில் 160 கிராம் உள்ளது எளிதில் வேகம் பெறும், எதிர்க்காற்றில் எளிதில் புரளும். 175 கிராம் உள்ளது காற்றுக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. எடை வேறுபட்ட இரண்டை ஒப்பிட்டுவிட்டு, வேறுபாட்டுக்கு வடிவத்தைக் காரணம் சொல்வது பிழையாகிவிடும்.

அடுத்து, டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களைப் பார்ப்போம். இன்னோவா நிறுவனம் கொண்டுவந்து, இன்று பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் இம்முறையில் ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு என்ற வரிசையில் எண்கள் வரும். முதலாவது, டிஸ்க் தன் இயல்பின்படி பறக்க வேண்டிய வேகம். இரண்டாவது, காற்றில் மிதக்கும் தன்மை. மூன்றாவது, வேகம் மிகுந்திருக்கும் தொடக்கத்தில் எவ்வளவு திரும்பும் என்பது. நான்காவது, வேகம் தணிந்த கடைசிக் கட்டத்தில் எதிர்ப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது. வலக்கையால் பேக்ஹாண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்வர எறிபவருக்கு டர்ன் வலப்புறமும் ஃபேடு இடப்புறமும் நிகழும். இன்னோவாவின் டீபேர்டு 7, 5, 0, 2 என்றும், டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3 என்றும் குறிக்கப்பட்டிருப்பதைப் படிப்பது இப்படித்தான். டர்னில் கழித்தல் குறி வந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகத் திரும்பும் என்று பொருள்.

இந்த எண்களை நிறுவனங்கள் தாங்களே போட்டுக்கொள்கின்றன. பி.டி.ஜி.ஏ. ஒரு டிஸ்க்கின் விட்டம், எடை, விளிம்பின் அகலம், வளைந்துகொடுக்கும் தன்மை போன்றவற்றை அளந்து ஒப்புதல் தருகிறதே தவிர, பறக்கும் எண்களுக்குச் சான்று தருவதில்லை. ஒரு நிறுவனத்தின் 7 மற்றொரு நிறுவனத்தின் 7-க்குச் சமம் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. எண்கள் நல்ல தரகரைப் போன்றவை. பெண் வீட்டைக் காட்டுவார்கள், குணத்துக்கு உத்தரவாதம் தரமாட்டார்கள்.

எண்களைவிட அதிகம் பேசுவது விளிம்பு. 1983-ல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சாய்வாகச் செதுக்கிய டிஸ்க்கை வடிவமைத்த பிறகே இந்த விளையாட்டு சாதாரண ஃபிரிஸ்பியிடமிருந்து பிரிந்து தனிவழி கண்டது. அன்றிலிருந்து டிஸ்க்கின் குணம் பெரும்பாலும் விளிம்பிலேயே இருக்கிறது. கட்டைவிரல் நகத்தை விளிம்பின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தால், ஓரிடத்தில் நூலிழைபோல் ஒரு கோடு தட்டுப்படும். வார்ப்பு அச்சின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்ந்த இடம் அது. புதிய டிஸ்க்கையும் அதே பெயருள்ள பழைய டிஸ்க்கையும் மேசையில் விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். எதன் கோடு உயரத்தில் இருக்கிறதோ அது பெரும்பாலும் கூடுதல் ஓவர்ஸ்டேபிளாக, அதாவது திரும்ப மறுத்து இறுதியில் வலுவாகச் சாயும் இயல்புடையதாக இருக்கும். ஒரே அச்சானாலும் வார்ப்பின் வெப்பம், ஆறும் வேகம், பிளாஸ்டிக்கின் கலவை ஆகியவற்றைப் பொறுத்து ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் இந்தக் கோடு ஏறி இறங்கும். நான் வாங்கிய இரண்டு டிஸ்க்குகள் முதலாவதைப் போல் பறக்காததற்குக் காரணம் இதுவே என்பதைப் பின்னர் மேசைமேல் வைத்துப் பார்த்தபோதுதான் கண்டேன்.

பிறகு அளவுகோலை டிஸ்க்கின் மேல் குறுக்காக வையுங்கள். நடுப்பகுதி மேடாக இருந்தால் அளவுகோல் நடுவில் தொட்டு இருபுறமும் இடைவெளி காட்டும். தட்டையாக இருந்தால் ஏறக்குறைய முழுதும் படியும். மேடானது பொதுவாகச் சற்றே கூடுதலாக மிதக்கும். கவிழ்த்து வைத்து விரலால் தட்டிப் பார்த்தால் ஆடுகிறதா என்பதிலிருந்து வளைவு ஏதும் இருக்கிறதா என்று தெரியும். இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, விளிம்பை நான்கு பக்கமும் அருகிலிருந்து படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து இந்தப் படங்கள் இல்லாமல் எதையும் ஒப்பிட இயலாது.

வசதி இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: உழைப்பையும் சேர்த்துச் சோதிக்க நினைத்தால், ஒரே கடையில், ஒரே தொகுதியில், ஒரே எடையில் இரண்டு டிஸ்க்குகளை வாங்கி, மேசைமேல் ஒட்டி வைத்து ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் மைதானத்தில் ஒருமுறை சோதித்தபின் ஒன்றை அலமாரியில் வைத்துவிடுங்கள். அதன் பயன் கடைசியில் தெரியும்.

ஒப்பிடுவதற்கு ஒரு பழைய டிஸ்க்

சோதனையின் உயிர்நாடி இதுதான். உங்கள் பையில் இருக்கும் டிஸ்க்குகளில் எது எப்படிப் பறக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியுமோ, அதைத் தேர்ந்தெடுங்கள். புதிய டிஸ்க்கின் வேக எண்ணுக்கு ஒரு எண் முன்பின்னாக இருக்கலாம். எடையில் மூன்று கிராமுக்கு மேல் வேறுபடக் கூடாது. பன்னிரண்டாம் வேக டிரைவரை ஐந்தாம் வேக மிட்ரேஞ்சோடு (நடுத்தரத் தொலைவுக்கான டிஸ்க்) ஒப்பிடுவதில் பொருளில்லை. புதிய டிஸ்க் இன்று சரியாகப் பறக்கவில்லை, பழையதும் சரியாகப் பறக்கவில்லை என்றால் குறை கையில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பழையது வழக்கம்போல் பறக்க, புதியது மட்டும் வழிமாறிப் போனால்தான் டிஸ்க்கைப் பற்றி ஏதேனும் சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிஸ்க் கேட்கும் வேகத்தை உங்கள் கை தராவிட்டால், அந்த டிஸ்க்கின் டர்னை நீங்கள் ஒருபோதும் பார்க்க மாட்டீர்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரமுள் திசையில் சுழலும் டிஸ்க், வேகம் மிகுந்திருக்கையில் காற்றின் தூக்குவிசை அதன் மையத்துக்குப் பின்னால் செயல்படுவதால் மூக்கை, அதாவது முன்விளிம்பைத் தாழ்த்த முயலும். சுழற்சி அந்தத் தாழ்வை வலப்புறச் சாய்வாக மாற்றிவிடும். வேகம் தணியும்போது தூக்குவிசை முன்னால் நகர, சாய்வு இடப்புறமாக மாறும். போதிய வேகம் இல்லாத கையிலிருந்து புறப்படும் பன்னிரண்டாம் வேக டிஸ்க் முதற்கட்டத்தைக் காணாமலே இரண்டாம் கட்டத்துக்குப் போய், நேராக இடப்புறம் சரிந்து விழும். ஏழாம் வேக டிஸ்க்கையே 250 அடிக்கு மேல் எறிய இயலாதவர் டெஸ்ட்ராயர் போன்றதைச் சோதித்து ‘இது மிகவும் ஓவர்ஸ்டேபிள்’ என்று எழுதினால், அது அவர் கையைப் பற்றிய அறிக்கை.

மைதானத்தில்

பயிற்சிக்கு டிஸ்க் கோல்ஃப் பாதையைவிட அமெரிக்கக் கால்பந்து மைதானம் சிறந்தது. கோல் கோட்டிலிருந்து கோல் கோடு வரை 300 அடி. இரு முனைகளிலும் முப்பது முப்பது அடி சேர்த்து மொத்தம் 360 அடி. ஐந்து கஜத்துக்கு ஒரு கோடு இருப்பதால் தொலைவை எளிதில் அளக்கலாம். 160 அடி அகலத்தின் நடுவில் நின்று எறிந்தால் பக்கவாட்டு விலகலும் கண்ணுக்குத் தெரியும். மரங்கள் இருக்கும் பாதையில் ஒவ்வோர் எறிதலும் ஒரு தனிக்கதை. அங்கே சோதனை செய்தால் மரத்தைத்தான் சோதிப்போம்.

காலையில் காற்று எழுவதற்கு முன் போய்விடுவது நல்லது. சிறிது புல்லைக் கிள்ளி, தோள் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். நேராக விழுந்தால் தொடங்கலாம். கால் மணி நேரம் கையைச் சூடாக்கிக்கொண்டபின், பழையதில் ஒன்று, புதியதில் இரண்டு, மறுபடி பழையதில் ஒன்று என்ற வரிசையில் எறியுங்கள். பழையதைப் பத்து முறை எறிந்து முடித்துவிட்டுப் புதியதைத் தொட்டால், இடையில் கை சூடேறியதோ களைத்ததோ புதியதன் கணக்கில் விழும். நான்கைந்து எறிதல்களுக்கு ஒருமுறை மறுமுனைக்குப் போய் எதிர்த்திசையில் எறிவதால், நாம் உணராத இளங்காற்றும் இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்படும்.

எறிதல் சரியாக அமையாவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்ற கேள்வி எழும். சேர்க்காமல் விடலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: டிஸ்க் கையை விட்டுப் பிரிந்த கணத்திலேயே ‘தவறு’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அது எங்கே விழுகிறது என்று பார்த்தபிறகு ‘கை வழுக்கிவிட்டது’ என்று சொல்வது செல்லாது. நண்பர் ஒருவர் உடனிருந்தால் இந்த விதி தானாகவே காப்பாற்றப்படும். தனியே இருக்கும்போதுதான் மனம் புது டிஸ்க்குக்காக வாதாடத் தொடங்குகிறது, குறிப்பாக அதற்கு இருபது டாலர் கொடுத்திருந்தால்.

முதலில் டிஸ்க்கைச் சாய்க்காமல், முழு வலிமையில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டில், ஒவ்வொன்றிலும் பத்து நல்ல எறிதல்கள் சேரும்வரை எறியுங்கள். தொலைவையும், நடுக்கோட்டிலிருந்து இடமோ வலமோ எத்தனை அடி விலகி விழுந்தது என்பதையும் எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு நாளின் கணக்கு இது. பழைய டீபேர்டு: 241, 248, 252, 255, 258, 260, 262, 263, 266, 270 அடி. புதியது: 228, 236, 249, 255, 264, 268, 271, 277, 284, 297 அடி. மிகச் சிறந்த எறிதலை மட்டும் பார்த்தால் புதியது 27 அடி கூடுதல். கடைக்காரர் இதைத்தான் சொல்வார். நடுவிலுள்ள இரண்டின் சராசரியைப் பார்த்தால் பழையது 259, புதியது 266, வேறுபாடு வெறும் ஏழு அடி. ஆனால் பழையதன் குறைந்ததற்கும் கூடியதற்கும் இடைவெளி 29 அடி. புதியதற்கோ 69 அடி. கூடைக்கு அருகில் டிஸ்க்கைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய ஆட்டத்தில், இந்த 69 அடி எனக்கு அச்சம் தருகிறது.

பக்கவாட்டு விலகலையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சார்லட்டுக்குத் தெற்கே ராக் ஹில் நகரில், வின்த்ரொப் பல்கலைக்கழக வளாகத்தில் 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடைபெற்று வருகிறது. அங்கே புல்வெளியின் குறுக்கே மஞ்சள் கயிறுகளை இழுத்து எல்லை வகுத்திருப்பார்கள். கயிற்றுக்கு வெளியே விழுந்தால் தண்டனையாக ஓர் எறிதல் கூடும். அந்தக் கயிறுகளை ஒருமுறை நேரில் பார்த்தவர், டிஸ்க்கின் உச்சத் தொலைவைக் கேட்பதை விட்டுவிட்டு, பத்தில் எத்தனை கயிற்றுக்குள் நிற்கும் என்று கேட்கத் தொடங்குவார்.

இதன்பிறகு சாய்வுகள். உடலுக்கு அப்பாலுள்ள வெளிவிளிம்பைத் தாழ்த்தி எறியும் ஹைசரில் ஐந்து, உயர்த்தி எறியும் அன்ஹைசரில் ஐந்து. ஹைசரில் புறப்பட்ட டிஸ்க் தானாக நிமிர்ந்து நேராகிறதா, அல்லது அதே சாய்வில் போய்ச் சேர்கிறதா என்பதும், அன்ஹைசரில் புறப்பட்டது திரும்பி வருகிறதா, புரண்டு தரையில் உருள்கிறதா என்பதும் அச்சிட்ட மூன்றாம், நான்காம் எண்களைவிட உண்மையான விடைகள். முழு வலிமையில் சில, பாதி வலிமையில் சில எறியுங்கள். நல்ல டிஸ்க் மெதுவாக எறிந்தாலும் அதே குணத்தைச் சிறிதாக்கிக் காட்டும்; சில டிஸ்க்குகள் பாதி வலிமையில் முற்றிலும் வேறொன்றாகிவிடுகின்றன. ஃபோர்ஹாண்டில், அதாவது உள்ளங்கை முன்வர எறிபவர்கள் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஃபோர்ஹாண்டில் கைநடுக்கம் சற்று மிகுதியாக இருப்பவர்களுக்கு, பேக்ஹாண்டில் அழகாகப் பறக்கும் டிஸ்க்கும் நடுங்கிப் புரளக்கூடும்.

இரண்டாம் நாள், வேண்டுமென்றே காற்றடிக்கும் பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள். எதிர்க்காற்றில் டிஸ்க்குக்குக் காற்றோடு ஒப்பிட்ட வேகம் கூடுவதால் டர்ன் மிகும். பின்காற்றில் அது குறைந்து, டிஸ்க் சீக்கிரமே தாழ்ந்து சாயும். உயரமான ஊர்களில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் டர்ன் குறைந்து ஃபேடு கூடும். கொலராடோவின் டென்வரில் இருக்கும் ஒருவர் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு, கடல்மட்டத்துக்கு அருகிலுள்ள ஊரில் அதே பறப்பை எதிர்பார்க்கக் கூடாது.

பிடிமானத்தைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். டிஸ்க்கை முக்கி எடுத்து, துண்டால் ஒருமுறை மட்டும் துடைத்துவிட்டு ஐந்து முறை எறியுங்கள். சார்லட்டின் ஜூலை மாதப் புழுக்கத்தில், சென்னைக்காரருக்குக்கூடக் கை வியர்க்கும். வெயிலில் பிடிக்கு இதமாக இருந்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் அப்போது சோப்புக்கட்டியாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். குளிர்காலத்துக்கு, இரவில் டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்துக் கையால் வளைத்துப் பாருங்கள். சில வகைகள் குளிரில் விறைத்து வழுக்கும். சில அப்போதும் இணங்கும்.

பட்டர்

பட்டர் என்றால் இங்கே வெண்ணெய் அன்று. கூடைக்கு அருகிலிருந்து எறிய உதவும், வேகம் குறைந்த டிஸ்க். இதற்குத் தொலைவுச் சோதனை தேவையில்லை. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிபவர், எறிந்தபின் நிலைகுலையாமல் நின்று காட்டிய பிறகே முன்னே நகர வேண்டும் என்பது விதி. ஆகவே 10 மீட்டர் கோடே சோதனைக்கும் இயல்பான எல்லை. 5, 7, 10 மீட்டரில் பழைய பட்டரையும் புதியதையும் மாற்றி மாற்றி இருபது முறை எறிந்து, விழுந்தவற்றை எண்ணுங்கள். அதோடு, தவறியவை எப்படித் தவறின என்பதையும் எழுதுங்கள்: சங்கிலியில் பட்டுத் தெறித்ததா, சங்கிலியைத் தொடாமலே இடப்பக்கம் நழுவியதா, கூடையின் விளிம்பில் மோதியதா. மென்மையான பிளாஸ்டிக் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் சொல்வதுண்டு. என் எண்ணிக்கையில் அந்த வேறுபாடு மிகச் சிறிது. விரல்கள் விளிம்பின் உட்புறத்தில் அமரும் விதமே பெரிது. உட்புறத்தின் கீழ்முனையில் மணிபோல் புடைத்த வளையம் சில பட்டர்களில் உண்டு. அது சிலருக்கு இதம், சிலருக்கு இடையூறு. இதில் யார் சொல்வதையும் கேட்க வேண்டாம். கடையிலேயே கையில் எடுத்துப் பாருங்கள்.

எவ்வளவு நாள் உழைக்கும்

செருப்பு உழைப்பது என்றால் அது அறுந்துபோகாமல் இருப்பது. டிஸ்க் உழைப்பது என்பது அப்படியன்று. டிஸ்க்குகள் உடைவது அரிது. உடையாமலே, பார்வைக்கு ஏறக்குறையப் புதியதுபோலவே இருந்துகொண்டு, தங்கள் பறப்பை மாற்றிக்கொள்பவை மிகுதி. டெஸ்ட் கிரிக்கெட்டில் பந்து பழையதானால் 80 ஓவருக்குப் பின் புதியதைக் கேட்டு வாங்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. நம் பையிலுள்ள டிஸ்க் எந்த ஓவரில் இருக்கிறது என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும்.

உழைப்பை முதலில் தீர்மானிப்பது பிளாஸ்டிக். இன்னோவாவின் டிஎக்ஸ், டிஸ்கிராஃப்டின் புரோ-டி போன்ற அடிப்படை வகைகள் விலை குறைந்தவை, பிடிப்பு நிறைந்தவை, சீக்கிரம் தேய்பவை. இன்னோவாவின் சாம்பியன், ஸ்டார், டிஸ்கிராஃப்டின் இசட், இஎஸ்பி, லாட்டிட்யூடு 64 நிறுவனத்தின் ஆப்டோ, கோல்டு போன்றவை உயர்தர வகைகள். விலை ஏறக்குறைய இருமடங்கு, உழைப்பு பன்மடங்கு. ஒளி ஊடுருவும் வகைகள் பொதுவாக நீண்ட நாள் தங்கள் குணத்தைக் காக்கும். ஒளி ஊடுருவாத ஸ்டார் போன்றவை அவற்றைவிடச் சற்று இதமான பிடி தந்து, சற்று முன்னதாகத் தளரும். ஒரே பெயருள்ள டிஸ்க் இரு பிளாஸ்டிக்கில் இரு குணத்தோடு பிறக்கும் என்பதால், டிஎக்ஸ் டீபேர்டைச் சோதித்துவிட்டுச் சாம்பியன் டீபேர்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தேய்மானத்தை விரைவுபடுத்த நினைத்துப் புதிய டிஸ்க்கைச் சுவரில் அடிப்பவர்களையும் தார்ச்சாலையில் எறிபவர்களையும் பார்த்திருக்கிறேன். தார்ச்சாலை, விளிம்பின் அடிப்பாகத்தைச் சுரண்டும். மரம், விளிம்பின் மூக்கை, அதாவது அதன் வெளிமுனையை நசுக்கும். கூடையின் சங்கிலி, மேற்புறத்தையும் விளிம்பையும் கீறும். மூன்றும் வெவ்வேறு சேதங்கள், மூன்றின் விளைவும் வேறு. செயற்கையாக ஒன்றை மட்டும் மிகுதியாக்கினால், பாதையில் நிகழப்போவதைப் பற்றி ஒன்றும் தெரியவராது. மேலும், பறக்கும் தன்மை மாறும்படி டிஸ்க்கைத் திருத்தியமைப்பது போட்டி விதிக்கு மாறானது. ஆட்டத்தில் இயல்பாக நேரும் தேய்மானமும், வார்ப்புக் குறையையும் கீறலையும் அளவோடு தேய்த்துச் சமன்செய்வதும் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. வெடிப்போ துளையோ விழுந்த டிஸ்க்கைப் போட்டியில் பயன்படுத்த முடியாது.

ஆகவே வழக்கம்போல் விளையாடுங்கள், கணக்கு மட்டும் எழுதுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் அந்த டிஸ்க்கை எத்தனை முறை எறிந்தீர்கள், எத்தனை முறை மரத்தில் பலமாக மோதியது என்ற இரண்டு எண்கள் போதும். இரண்டாவதுதான் முக்கியமானது. சார்லட் பாதைகளில் பெரும்பாலானவை காட்டுக்குள் அமைந்தவை. இங்கே ஒரே மாதத்தில் ஒரு டிஸ்க் சந்திக்கும் மரங்களைத் திறந்தவெளிப் பாதைகளில் ஆடுபவரின் டிஸ்க் ஓராண்டிலும் சந்திக்காது. ‘ஆறு மாதம் உழைத்தது’ என்று யாரேனும் சொன்னால், எந்தப் பாதையில் என்று கேட்க வேண்டும்.

மாதம் ஒருமுறை விளிம்பைச் சுற்றிலும் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பான பிசிறுகள் இருந்தால் அவை காற்றை எதிர்க்கும். விரலைக் கிழிக்கவும் செய்யும். மெல்லிய உப்புத்தாளால் பிசிறை மட்டும் நீக்கலாம், அதற்குமேல் கை வைக்க வேண்டாம். மேசைமேல் கவிழ்த்து வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் மோதிய அடிப்படைப் பிளாஸ்டிக் டிஸ்க் ஒரு பக்கம் மடங்கியிருப்பது வழக்கம். கோடைகாலத்தில் காருக்குள் விட்டுவைத்தாலும் இதே கதிதான். ஒரு பிற்பகலில் பையோடு பின்னிருக்கையில் மறந்துவிட்டு வந்து, கீழே இருந்த பட்டர் மேலே இருந்தவற்றின் பாரத்தில் அப்பளம்போல் நெளிந்திருக்கக் கண்டேன். கை பொறுக்கும் அளவு சுடுநீரில் சிறிது நேரம் ஊறவைத்து, சமதளத்தில் பரத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகும். அப்படி நேராக்கிய டிஸ்க்கை மறுபடி ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாகாது. அது இப்போது வேறொரு டிஸ்க்.

இரு பிளாஸ்டிக்குகளை இணைத்து வார்க்கும் எம்விபி போன்ற நிறுவனங்களின் டிஸ்க்குகளில், உள்தட்டும் வெளிவளையமும் சேரும் கோட்டையும் பார்க்க வேண்டும். அங்கே நகம் நுழைகிற இடைவெளி தோன்றினால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

விளிம்பின் மூக்கு நசுங்கித் தேயத் தேய, டிஸ்க் அண்டர்ஸ்டேபிளாக, அதாவது எளிதில் திரும்பிப் புரளும் பக்கமாக நகரும். இதைக் குறையென்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. டிஎக்ஸ் பிளாஸ்டிக்கிலான ராக் மிட்ரேஞ்சுகளை மூன்று நான்காக வைத்திருந்து, புதியதை எதிர்க்காற்றுக்கும், பாதி தேய்ந்ததை நேரான எறிதலுக்கும், முழுதும் தேய்ந்ததை வலப்புறம் வளையும் பாதைக்கும் பயன்படுத்துவது பழைய ஆட்டக்காரர்களின் வழக்கம். அவர்களுக்குத் தேய்மானம் வரவு. மாறுதல் மெதுவாகவும் ஒரே திசையிலும் நிகழ்கிறதா என்பதே அவர்கள் பார்ப்பது. இரண்டு வாரம் புதியதாக இருந்து, ஒரு மரத்தடியில் மோதிய மறுநாளே புரளத் தொடங்கும் டிஸ்க், எவ்வளவு மலிவானாலும் வாங்கத் தகாதது.

மூன்று மாதம் முடிந்ததும் அலமாரியில் இருக்கும் இரட்டையை வெளியே எடுங்கள். காற்றில்லாத ஒரு காலையில், அதே மைதானத்தில், பழைய ஒப்பீட்டு டிஸ்க், தேய்ந்தது, தேயாதது என மூன்றையும் முன்சொன்ன வரிசையில் மாற்றி மாற்றிப் பத்து முறை எறியுங்கள். ஒப்பீட்டு டிஸ்க்கும் அதற்குள் சற்றே தேய்ந்திருக்கும் என்பதால் தேயாத இரட்டையே இங்கே உண்மையான அளவுகோல். தேய்ந்தது நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடி வலப்புறம் நகர்ந்திருக்கிறது என்பதை, மரத்தில் மோதிய எண்ணிக்கையோடு பக்கத்தில் பக்கமாக எழுதுங்கள். நான் கடைசியாகச் சோதித்த உயர்தர பிளாஸ்டிக் டிரைவர் நாற்பத்தோரு மோதலுக்குப் பின் ஆறு அடி நகர்ந்திருந்தது. அடிப்படை பிளாஸ்டிக்கில் வாங்கிய அதன் சகோதரன் பதினேழு மோதலிலேயே இருபத்திரண்டு அடி. டிஸ்க்கின் அடிப்புறத்தில், நீங்கள் கண்ட டர்னையும் ஃபேடையும் தேதியையும் அழியாத மையில் எழுதி வையுங்கள்; பெயரையோ அடையாளக் குறியையோ எழுதியே ஆக வேண்டும் என்பதால் பேனா எப்படியும் கையில் இருக்கும். எழுதி முடித்ததும் தேயாத இரட்டையை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டுத் தேய்ந்ததைப் பையில் போடுங்கள்.